பயணத்தின் கடைசி நாட்களைச் சப்ரகமுவத் தோட்டங்களுக்கு வையுங்கள்

இலங்கையை ஒரு மாதம், இரண்டு மாதம் என்று சுற்றுகிறவர்களின் கடைசி நாட்கள் பெரும்பாலும் நீர்கொழும்பில்தான் கரைகின்றன. கட்டுநாயக்க விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அங்கே அறை எடுப்பார்கள். அழுக்குத் துணியைத் துவைக்கக் கொடுப்பார்கள். வாடகை வேனைத் திருப்பிக் கொடுப்பார்கள். மிச்சப் பணத்தை எண்ணிக்கொண்டு விமானத்துக்காகக் காத்திருப்பார்கள். யாழ்ப்பாணம், திருகோணமலை, எல்ல, நுவரெலியா எல்லாம் பார்த்தாயிற்று, இனி என்ன இருக்கிறது என்ற நினைப்பு.

அந்த நாலைந்து நாளை இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களுக்குக் கொடுங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இரண்டு மாவட்டமும் சேர்ந்ததுதான் சப்ரகமுவ மாகாணம். தெற்கிலிருந்தோ மலையிலிருந்தோ விமான நிலையத்துக்குத் திரும்புகிற எவருக்கும் இது வழியில் கிடக்கும் ஊர். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இந்தத் தோட்டங்களுக்குள் நடந்து போகும் வெளிநாட்டுப் பயணிகளில் பெரும்பாலோருக்கு அங்குள்ளவர்களோடு நாலு வார்த்தை பேச முடியாது. உங்களுக்கு முடியும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் முதுகுப் பையோடு வந்திறங்கும் தமிழ்நாட்டு இளைஞருக்கும் முடியும். டொரொண்டோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வந்து கேம்பர் வேன் எடுத்துப் பிள்ளைகளோடு சுற்றும் குடும்பத்துக்கும் முடியும். அந்த வசதியைப் பயன்படுத்தாமல் ஊர் திரும்புவது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

எந்த வழி, எந்த வண்டி

உடவளவையில் யானை பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏ18 வீதியில் ஏறினால் பெல்மதுளையில் ஏ4 வீதியைப் பிடிக்கலாம். அங்கிருந்து கிழக்கே போனால் பலாங்கொடை, மேற்கே போனால் இரத்தினபுரி. இறக்குவானை, கஹவத்தை, பலாங்கொடை, பெல்மதுளை ஆகிய நான்கு ஊர்களைச் சுற்றித்தான் இரத்தினபுரி மாவட்டத்தின் பழைய தோட்டங்கள் பல இருக்கின்றன. இரத்தினபுரியிலிருந்து அவிசாவளை வந்து ஏ7 வீதியில் திரும்பினால் யட்டியாந்தோட்டை, கித்துல்கலை. அந்தப் பக்கம் தெரணியகலை, தெஹியோவிட்டை, புளத்கொஹுப்பிட்டிய என்று கேகாலை மாவட்டத்துத் தோட்டங்கள். கடைசியாகக் கேகாலை நகரத்துக்கு வந்தால் கொழும்பு – கண்டி வீதி. அங்கிருந்து விமான நிலையத்துக்கு அரை நாள் ஒதுக்கினால் தாராளம்.

தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் பண்ணாதீர்கள். இரத்தினபுரி கொழும்பிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான். ஆனால் மூன்று மணி நேரம் பிடிக்கும். பலாங்கொடைக்கு மேலே வளைவுகள் கூடும், மழை வந்தால் வேகம் இன்னும் குறையும். ரயிலை நம்பியும் வர வேண்டாம். கொழும்பிலிருந்து அவிசாவளை, இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்க வரை ஒரு காலத்தில் குறுகிய பாதையில் ரயில் ஓடியது. தோட்டத்துச் சரக்குக்காகப் போட்ட பாதை அது. 1976ல் அவிசாவளைக்கு அப்பால் நிறுத்திவிட்டார்கள். கேகாலைப் பக்கம் போகிறவர்களுக்கு றம்புக்கனை நிலையம் இருக்கிறது. இரத்தினபுரிக்கு பஸ்தான்.

வேன் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம் முக்கியம். உங்கள் நாட்டு அனுமதிப்பத்திரமோ சர்வதேச அனுமதிப்பத்திரமோ கையில் இருந்தால் மட்டும் போதாது. இலங்கையில் அதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும், அல்லது தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். 2025 ஆகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே மோட்டார் வாகனத் திணைக்களம் அதைக் கொடுக்கிறது. கப்பலில் வருகிறவர்கள் அதற்காகக் கொழும்புப் பக்கம் போக வேண்டியிருக்கும். ஆட்டோ எடுத்து ஓட்டுவதானாலும் இதே கதைதான். பயணத்தின் தொடக்கத்தில் இதைச் செய்யாமல் விட்டவர்கள் கடைசி நாட்களில் ஏதாவது சின்ன விபத்தில் மாட்டினால் காப்புறுதி கிடைக்காமல் தவிப்பார்கள்.

கேம்பர் வேனைத் தோட்டத்துக்குள் கொண்டுபோக வேண்டாம். தோட்டத்துப் பாதைகள் கொழுந்து லொறிக்கும் ட்ரக்டருக்கும் போட்டவை. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். எதிரே லொறி வந்தால் யாராவது ஒருவர் அரைக் கிலோமீட்டர் பின்னால் எடுக்க வேண்டும், அது எப்போதும் உங்கள் வேலையாகத்தான் இருக்கும். வேனைப் பலாங்கொடையிலோ யட்டியாந்தோட்டையிலோ ஒரு விடுதி வளவில் நிறுத்திவிட்டு, ஆட்டோவிலோ தோட்டத்து பஸ்ஸிலோ ஏறிப் போங்கள். பஸ்ஸில் போனால் இன்னொரு நன்மை: இறங்குவதற்குள் நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் தோட்டம் முழுக்கத் தெரிந்திருக்கும்.

யாருடைய வீட்டுக்குப் போகிறீர்கள்

தோட்டம் என்பதைப் பூங்காவைப் போலத் திறந்த இடமாக நினைத்துக்கொண்டு சிலர் நுழைந்துவிடுகிறார்கள். அது வேலைத்தலம், கூடவே ஊர். நிலம் அரசாங்கத்தினுடையது. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. ஆகவே உள்ளே போக, படம் எடுக்க, கூடாரம் போடத் தோட்டத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். முகாமையாளரை இன்னும் ‘பெரிய துரை’ என்றுதான் சொல்வார்கள். அவரைப் பார்க்க முடியாவிட்டால் கணக்கப்பிள்ளையிடமோ காவல்காரரிடமோ கேளுங்கள். தமிழில் கேட்டால் பெரும்பாலும் மறுப்பு இருக்காது.

அந்த ஊரில் இருப்பவர்கள் எப்படி வந்தவர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போவது அடுத்த கடமை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து கங்காணிமார் கூட்டிவந்தவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மலைக்கு வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம். அந்த வருகையின் 200 ஆண்டு நினைவாக 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் ஒரு நடைபயணம் தொடங்கி ஆகஸ்ட் 12ல் மாத்தளையில் முடிந்தது. முதுகில் பை மாட்டி நாடு சுற்றுகிறவர்களுக்கு அந்த நடையைப் பற்றி நான் சொல்லாமல் இருக்க முடியாது. மூதாதையர் நடந்த வழியை அவர்களின் பேரப்பிள்ளைகள் காலால் அளந்து பார்த்தார்கள்.

வந்தவர்கள் கோப்பிக்கு வந்தார்கள். கோப்பிச் செடியை 1869க்குப் பிறகு இலைத்துரு நோய் அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது, தாழ்ந்த மலைகளில் இறப்பரும் வந்தது. சுதந்திரம் கிடைத்த 1948லேயே குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று இரண்டு அரசாங்கங்களும் ஆட்களைப் பங்கு போட்டன. அந்த மீதியை 1974ல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். குடியுரிமைப் பிரச்சினையை முடித்துவைக்கும் சட்டம் வர 2003 ஆயிற்று.

எழுபதுகளின் ஒரு காட்சியை நீண்ட பயணம் செய்கிறவர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஐரோப்பாவிலிருந்து தரைவழியாக ஆசியாவைச் சுற்றிய வெள்ளைக்கார இளைஞர்கள் பலர் இராமேசுவரத்தில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினார்கள். அவர்களுக்கு அது உல்லாசப் பயணத்தின் இன்னொரு கட்டம். அதே தடத்தில், எதிர்த்திசையில், தகரப் பெட்டியோடும் பாத்திர மூட்டையோடும் தோட்டத்துச் சனம் போனது. பிறந்த ஊரை விட்டு, பார்த்தேயிராத ‘சொந்த நாட்டுக்கு’. மண்டபம் முகாமில் பதிந்து, நீலகிரியிலும் வேறு மாவட்டங்களிலும் சிதறிப் போனார்கள். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று இன்றும் சொல்வார்கள்.

சப்ரகமுவவின் நிலைமையில் இன்னொரு கூறும் உண்டு. நுவரெலியாவில் தோட்டம் தோட்டமாகத் தமிழர்கள் தொடர்ந்து இருக்கிறார்கள். இங்கே தோட்டங்கள் சிறியவை, சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தனித்தனியாகக் கிடக்கின்றன. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் அடிபட்டதற்கு இந்தத் தனிமையும் காரணம். லயங்கள் என்ற தொழிலாளர் வரிசை வீடுகள் எரிந்தன. பலர் வவுனியா, கிளிநொச்சிக் காடுகளுக்குப் போய்க் குடியேறி, பின்னால் போருக்குள்ளும் அகப்பட்டார்கள். தங்கியவர்கள் சிங்களமும் தமிழும் சரளமாகப் பேசி, இரண்டு பக்கத்தோடும் உறவு வைத்து வாழ்கிறார்கள். இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து 2024 நவம்பர்த் தேர்தலில் மலையகத் தமிழரான சுந்தரலிங்கம் பிரதீப் நாடாளுமன்றம் போனபோது இந்தப் பக்கத்துச் சனத்துக்கு அது ஏன் அவ்வளவு பெரிய செய்தியாக இருந்தது என்பது இந்தப் பின்னணியில்தான் புரியும். இதையெல்லாம் முதல் சந்திப்பிலேயே கிண்டிக் கேட்காதீர்கள். அவர்களாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் பார்க்க வேண்டியது

தேயிலைத் தோட்டத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இறப்பர்த் தோட்டத்துக் காலையைப் பார்த்தவர்கள் குறைவு. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டைப் பக்கம் தங்கினால் விடியுமுன் எழுந்துவிடுங்கள்.

பால் வெட்டுகிறவர்கள் இருட்டிலேயே தோட்டத்துக்குள் போய்விடுவார்கள். வெயில் ஏறுமுன் மரத்துக்குள் நீர் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். கத்தி பட்டையை ஓர் இழை அளவுக்குத்தான் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டு அந்த இடத்தில் முடிச்சு விழும், பிறகு அதில் வெட்ட முடியாது. சாய்ந்த கோட்டில் சீவியதும் வெள்ளைப் பால் கோடு வழியே இறங்கி, தகரப் பீலியில் சொட்டி, சிரட்டையில் விழுகிறது. வெட்டுவதற்கு முன் நேற்றைய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை விரலால் உரித்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். அதற்கும் விலை உண்டு. பெண்ணொருவர் ஒரு மரத்தில் நிற்கும் நேரம் அரை நிமிடம்கூட இருக்காது. முந்நூறு மரமளவில் முடித்துவிட்டு, சில மணி நேரம் கழித்து வாளியோடு திரும்பி வந்து பாலைச் சேர்ப்பார். ஸ்டோரில் அதை அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் தட்டையாக்கி, புகைக்கூடத்தில் காயவைத்தால் பழுப்பு நிறத் தகடு.

மழை பெய்தால் வெட்டு இல்லை. பட்டை நனைந்தால் பால் கோட்டை விட்டு வழிந்துவிடும். தை, மாசியில் மரம் இலை உதிர்க்கும் காலம்; அப்போதும் பல இடங்களில் நிறுத்திவைப்பார்கள். வேலை இல்லாத நாளுக்குக் கூலி எப்படி என்பதுதான் அந்த வீடுகளின் பெரிய கேள்வி. இலங்கைக்கு முதல் இறப்பர்க் கன்றுகள் 1876ல் வந்து ஊன்றப்பட்ட ஹெனரத்கொட தாவரவியல் பூங்கா கம்பஹாவில் இருக்கிறது. கேகாலையிலிருந்து விமான நிலையம் போகும் வழியில் சற்றே விலகினால் பார்த்துவிடலாம்.

தேயிலையில் கணக்கு வேறு. பெரட்டு எனப்படும் காலை ஆள் கணக்கெடுப்புக்கு நின்று பேர் கொடுத்து, மலைக்குப் போய்க் கொழுந்து பறித்து, மடுவம் என்ற நிறுவைக் கொட்டகையில் நிறுக்க வேண்டும். குறித்த கிலோ வந்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி; வராவிட்டால் அரைப் பேர் என்பது பழைய நடைமுறை. சாக்குக்கும் நனைந்த கொழுந்தின் தண்ணீருக்கும் கழித்துக்கொள்வார்கள். எவ்வளவு கழிக்கலாம் என்பதில்தான் தினம் சண்டை. நான்கரைக் கிலோ அளவு பச்சைக் கொழுந்து போட்டால் ஒரு கிலோ தூள் கிடைக்கும். நாட்கூலி 1,000 ரூபா ஆனது 2021ல், அதுவும் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு. 2024ல் 1,350 ஆயிற்று. நீங்கள் கேம்பர் வேனுக்கு ஒரு நாளைக்குக் கொடுக்கும் வாடகை அங்கே ஒருவரின் பல நாள் கூலி. இதை மனதில் வைத்துக்கொண்டால், படம் எடுக்க நிறுத்திவைத்து அவரின் பத்து நிமிடத்தை வாங்கும்போது அது எதை வாங்குகிறது என்று தெரியும். மடுவத்தில் நிறுவை முடிந்த பிறகு பேசுங்கள். அப்போது பிளேன்டியும் கிடைக்கும்.

தண்ணீர்

பயணத்தின் கடைசி நாட்களில் எல்லோரும் செய்கிற வேலை ஒன்று உண்டு: துவைப்பதும் கழுவுவதும். வேனின் கழிப்பறைத் தொட்டியைக் காலி பண்ண வேண்டும், அழுக்குத் தண்ணீரைக் கொட்ட வேண்டும், சேறு படிந்த சப்பாத்தைத் தேய்க்க வேண்டும், கூடாரத்தை அலச வேண்டும். பக்கத்தில் தெளிந்த ஓடை ஓடிக்கொண்டிருக்கும். ஆளும் இல்லை. அங்கேயே முடித்துவிடலாம் என்று தோன்றும்.

அந்த ஓடையைக் கீழ்நோக்கிப் பார்த்துக்கொண்டே போங்கள். சற்றுத் தூரத்தில் கல்லை அடுக்கிச் சின்னதாய் மறித்திருப்பார்கள். அங்கிருந்து கறுப்புக் குழாய் ஒன்று தேயிலைக்குள் இறங்கும். சீமெந்துத் தொட்டி. தொட்டியிலிருந்து லயத்துப் பீலி. இருபது, முப்பது குடும்பம் அதில்தான் குடிக்கிறது, சமைக்கிறது, பிள்ளையைக் குளிப்பாட்டுகிறது. பல தோட்டங்களில் இடையில் வடிகட்டலோ மருந்தோ கிடையாது. மேலே நீங்கள் கொட்டிய சவர்க்காரமும் மலமும் சில நிமிடத்தில் அந்தக் குடத்துக்குள் இருக்கும். வயிற்றோட்டமும் மஞ்சள் காமாலையும் தோட்டங்களில் இப்படிப் பரவுகிற நோய்கள்.

ஆகவே விதி எளிது. லயத்துக்கு மேலே எந்தக் காரணம் கொண்டும் கழுவாதீர்கள், கூடாரமும் போடாதீர்கள். தொட்டியை விடுதிக் கழிப்பறையில் கேட்டுக் காலி பண்ணுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேளுங்கள். இரசாயனம் கலந்த கழிவை எங்கேயும் வெளியில் ஊற்ற வேண்டாம். பீலியில் தண்ணீர் பிடிப்பதானால் அங்கே நிற்கிறவர்களிடம் கேட்டுவிட்டுக் குடத்துக்குப் பிறகு உங்கள் போத்தலை வையுங்கள். வறட்சி நாட்களில் அந்தத் தண்ணீருக்கும் நேரக் கணக்கு உண்டு. இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்தாலும் இந்த ஒன்றை மறக்காதீர்கள்.

மழையும் மண்ணும்

இலங்கையில் மழை கூடிய மாவட்டங்களில் இரத்தினபுரியும் ஒன்று. நகரத்தில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. தை முதல் மாசி வரை சற்று ஓய்ந்திருக்கும், வர அதுவே நல்ல காலம். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. அட்டை எப்போதும் உண்டு. காலுறைக்கு மேல் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டால் அது ஏறாது, கடித்தாலும் பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது மண்ணுக்கு. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களே புதைந்தன. அதே நாளில் புளத்கொஹுப்பிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் இறங்கியது. அடுத்த ஆண்டு மே மாதம் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் சரிவிலும் சிக்கியது. 2025 நவம்பரில் டித்வா புயல் நாட்டையே புரட்டிப் போட்டபோது கேகாலையும் தப்பவில்லை. லயங்கள் பெரும்பாலும் பழைய வெட்டுச் சரிவுகளின் அடியில், தேயிலைக்கு உதவாத இடத்தில் கட்டப்பட்டவை. அங்கே குடியிருக்க அந்தச் சனம் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி அமைப்பு மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக விடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டி மழை பெய்து, இன்னும் விடாமல் இருந்தால் விழிப்பாக இருக்கச் சொல்வார்கள். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். தரையில் புதிய வெடிப்பு, இல்லாத இடத்தில் ஊற்று, தெளிந்த ஊற்று திடீரென்று கலங்குவது, மரமும் மின்கம்பமும் சாய்வது: இவற்றில் எதைக் கண்டாலும் பொருளை எடுக்க நிற்காமல் நகருங்கள், லயத்தில் இருப்பவர்களிடமும் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117. அம்புலன்ஸ் 1990. நாளை விமானம் என்ற அவசரத்தில் இரவு மழையில் மலைப் பாதையில் வண்டி ஓட்டுவதைவிட விமானத்தைத் தவறவிடுவது மேல்.

மலையேறுகிறவர்களுக்கு

சிவனொளிபாத மலையை ஹட்டன் பக்கமிருந்து ஏறுவதுதான் வழக்கம். இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல வழியாகவும் ஏறலாம். தூரமும் ஏற்றமும் கூடிய பாதை, ஆனால் கூட்டம் குறைவு. உயரம் 2,243 மீட்டர். மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் பௌர்ணமி வரைதான் யாத்திரைக் காலம். மற்ற மாதங்களில் விளக்கும் இல்லை, வழியில் கடையும் இல்லை. நீண்ட பயணிகளுக்கு இங்கே ஒரு முன்னோடி உண்டு. மொரோக்கோவிலிருந்து புறப்பட்டு ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருந்த இப்னு பதூதா 1344ல் மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரைக்குப் போகக் கப்பலேறி, காற்றில் திசை மாறிப் புத்தளத்தில் ஒதுங்கினார். எங்கே போக வேண்டும் என்று யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி கேட்டபோது அவர் கேட்டது இந்த மலையைத்தான். மன்னர் பல்லக்கும் துணைக்கு யோகிகளையும் கொடுத்து அனுப்பினார். ஏறியவர் அட்டையைப் பற்றியும் எழுதிவைத்திருக்கிறார்.

விமானத்துக்கு முந்திய நாள் மட்டும் இந்த மலையை வைத்துக்கொள்ளாதீர்கள். இறங்கியபின் இரண்டு நாளைக்குக் கால் பேச்சுக் கேட்காது.

மூட்டை கட்டும்போது

வேனை விமான நாளன்று ஒப்படைக்காமல் ஒரு நாள் முன்னதாகவே ஒப்படையுங்கள். வெளிப்புறம், உள்ளே, சக்கரம், எரிபொருள் முள், எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டு கொடுங்கள். முற்பணத்தைத் திருப்பி வாங்குவதில் தகராறு வருவது அவசரத்தில்தான். விசாவின் கடைசித் தேதியையும் அப்போதே பாருங்கள். நாகப்பட்டினம் கப்பலில் திரும்புகிறவர்கள் அது ஓடுகிறதா என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று நாட்களில் அது நிற்பதுண்டு.

இரத்தினபுரியில் கல் வாங்காமல் போக மனம் வராது. தெருவில் காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டுகிறவரிடம் வாங்காதீர்கள். செயற்கைக் கல்லையும் சூடு காட்டிய கல்லையும் வெறும் கண்ணால் பிரித்தறிவது அனுபவசாலிக்கே கடினம். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் பதிந்த கடையில் ரசீதோடு வாங்கி, அந்த அதிகாரசபையிலேயே பரிசோதித்துக்கொள்ளுங்கள். காட்டுச் செடி, விதை, வண்டு, பழைய சிலை, ஓலைச்சுவடி ஆகியவற்றை யார் சும்மா கொடுத்தாலும் பையில் போட வேண்டாம்; சிங்கராஜக் காட்டிலிருந்து எதையும் எடுப்பது குற்றம். கொண்டுபோகத் தகுந்தது கித்துள் பாணியும் தோட்டத்துத் தூளும்.

உங்களிடம் மிஞ்சிய கூடாரம், அடுப்பு, போர்வை, மழைச் சட்டை எல்லாம் விமானத்துக்குப் பாரம். கையில் அகப்பட்ட பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கும், அடுத்த வண்டிக்குப் பின்னால் ஓடும் பழக்கமும் வரும். தோட்டத்துப் பாடசாலை அதிபரிடமோ கோயில் தலைவரிடமோ கொடுத்தால் யாருக்குத் தேவை என்று அவர்களுக்குத் தெரியும். பாடசாலைக்கு உண்மையில் தேவைப்படுவது என்ன என்று கேட்டுவிட்டு வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது. உயர்தர வகுப்பில் விஞ்ஞானமும் கணிதமும் தமிழில் படிக்கச் சப்ரகமுவத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பழைய முதுகுப் பையைவிட அந்தப் பாடங்களின் புத்தகங்கள் பெறுமதியானவை.

இன்னொரு விஷயம். லயத்தில் உங்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டவர்களிடம் அனுப்பிவைக்கிறேன் என்று சொல்லியிருப்பீர்கள். எல்லோரும் சொல்கிறார்கள், அனுப்புகிறவர்கள் சிலர்தான். தொலைபேசி இருக்கிற பிள்ளைக்கு அன்றைக்கே அனுப்பிவிடலாம். ஆனால் அந்த வீட்டுப் பெரியவர்களுக்குச் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். பல லயங்களுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து அங்கிருந்துதான் கைக்குச் சேரும். பெயர், லய இலக்கம், டிவிஷன், தோட்டத்தின் பெயர், தபால் நிலையம் ஆகிய ஐந்தையும் அங்கேயே அவர்கள் வாயால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கொழும்பிலோ கேகாலையிலோ அச்சடித்து, விமானம் ஏறுமுன் தபாலில் போட்டுவிடுங்கள். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட வேண்டாம்.